பத்தொன்பதாம் பக்கத்துப் பிள்ளை

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆறாம் திகதி, திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, பான் நகரின் டானன்புஷ் பகுதியில் பதினோராம் இலக்க மாடிக் கட்டடத்தில் குடியிருந்த முப்பத்தொரு பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு அரித்தது. அந்த நேரத்தில் எல்லாரும் வீட்டில் இருக்கவில்லை என்பதால் விசயம் உடனே வெளியில் தெரியவில்லை. கீழ்வீட்டு லோமன் அம்மா வெதுப்பகத்தில் வரிசையில் நின்றபடி கைப்பையின் கொக்கியால் மணிக்கட்டைச் சொறிந்தார். மூன்றாம் மாடி வாசுதேவன் தான் ஓட்டிவந்த டிராமை இரண்டு தரிப்புகளுக்கு நடுவே நிறுத்தி, இருக்கையில் முதுகைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு, நாலு நிமிடத் தாமதத்துக்குத் தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று அறிவித்தார். ஐந்தாம் மாடியில் மூன்று மாதக் குழந்தை தொட்டிலில் கிடந்து காலோடு கால் உரசியது. மாலையில் படிக்கட்டில் கண்டபோதுதான் எல்லாரும் சொறிவதை எல்லாரும் பார்த்தார்கள். ஜேர்மன்காரர் தண்ணீர்க் குழாயைக் குறை சொன்னார்கள், சிரியாக்காரர் சவர்க்காரத்தைக் குறை சொன்னார்கள், எங்கள் ஆட்கள் கண்ணூறு என்றார்கள். அவரவர் காரணத்தில் அவரவர்க்குத் திருப்தி இருந்தது.

வாசுதேவனின் மனைவி நேசமலர் மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவள் இருபத்திரண்டு வருடமாக ஒரு தோல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்பவள். அந்தக் கிழமையே கட்டடத்தில் பாதிப் பேரை வரிசையாக வைத்தியரிடம் கொண்டுபோய் விட்டாள். வைத்தியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், சுரண்டி எடுத்துப் பார்த்தார். ஒரு பூச்சி இல்லை, ஒரு தடிப்பு இல்லை, தோல் எல்லாருக்கும் துடைத்த கோப்பை மாதிரி இருந்தது. மன அழுத்தம் என்று எழுதி அனுப்பினார். நேசமலர் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். ஆனால் லோமன் அம்மா இடது மணிக்கட்டையும் வலது கணுக்காலையும் மாறி மாறிச் சொறிவதைப் பார்த்த நிமிடமே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த இரண்டு இடத்தையும் ஐந்து கிழமைக்கு முன் அவளே சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள். அவளுடைய கொப்பியில், நாலாம் பக்கத்தில்.

அந்தக் கொப்பியின் கதை இது. நேசமலரின் வைத்தியரிடம் தடித்த படப்புத்தகம் ஒன்று இருந்தது. உலகத்தில் உள்ள தோல் வருத்தம் எல்லாம் அதில் இருந்தன, ஆனால் எல்லாம் வெள்ளைத் தோலில். சிவக்கும், சிவக்கும், சிவக்கும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. கறுத்த தோல் அப்படிச் சிவந்து காட்டாது என்பதைச் சின்ன வயதில் சொறி சிரங்கோடு வளர்ந்த நேசமலருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆகவே தன்சானியாவில் கிசிமாந்தோகோ என்ற சிற்றூரில் பிள்ளைகளின் தோல் வருத்தத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு சங்கம் கேட்டபோது, அவள் ஒரு வருட விடுமுறை முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து ஐந்து கிழமை எடுத்துக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், படிப்பிக்கப் போனவள் படித்துக்கொண்டு வந்தாள். அந்த ஊரின் சுகாதாரப் பணியாளர் ரெஹேமா என்ற பெண். ஐந்து பிள்ளைகளின் தாய், கால்மிதி ஒன்று பாதி கழன்ற சைக்கிளில் ஒவ்வொரு வீடாகப் போவாள். பிள்ளையின் விரல் இடுக்கைக் கண்ணால் பார்க்க மாட்டாள், பெருவிரலால் தடவிப் பார்ப்பாள். மணல் மாதிரி நெருடினால் சிரங்கு. அதற்குமேல் படப்புத்தகம் தேவைப்படவில்லை.

ரெஹேமாவிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. சிரங்குக்கு மருந்து பிள்ளைக்கு மட்டும் பூசக்கூடாது. அந்தப் பிள்ளையோடு ஒரே பாயில் படுப்பவர், ஒரே துணியால் துடைப்பவர், தூக்கிக் கொஞ்சுபவர், அத்தனை பேரும் ஒரே நாளில் பூசவேண்டும். ஏழாம் நாள் திரும்பவும் பூசவேண்டும். ஒருவர் தப்பினாலும் பூச்சி அவரிடம் போயிருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும். கொப்பியில் முப்பத்தொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கம், முன்புறம் ஒரு உருவம், பின்புறம் ஒரு உருவம், புண் உள்ள இடங்களில் சிவப்பு வட்டம். பத்தொன்பதாம் பக்கத்தில் துமாயினி என்ற ஐந்து வயதுப் பெண் பிள்ளை. அவளுக்குப் பூச்சு மருந்து குளிரும் என்று பயம்; நேசமலரின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் பூசவிடுவாள். முதல் பூச்சு பெப்ரவரி பதினேழாம் திகதி நடந்தது. ஏழாம் நாள் வருவதற்கு முதல் நாள் நேசமலரின் விடுமுறை முடிந்துவிட்டது. இரண்டாம் பூச்சுக்கான பெட்டி துறைமுகத்தில் ஏதோ ஒரு முத்திரைக்காகக் காத்துக் கிடந்தது. அவள் விமானம் ஏறினாள். ஒரு நாள், ஒரேயொரு நாள் கூடக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை என்று பிறகு வாசுதேவனிடம் எத்தனையோ தரம் சொல்லி அழுதாள்.

அழுதாலும் கொப்பி கையில் இருந்தது. அவள் பின்னேரங்களில் வீடு வீடாகப் போய், எங்கே அரிக்கிறது என்று கேட்டு, பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டாள். லோமன் அம்மா நாலாம் பக்கம். வாசுதேவன் பன்னிரண்டு. தொட்டில் குழந்தை இருபத்தாறு. அவளே ஏழாம் பக்கம்: பராக்கா, ஒன்பது வயது, மரமேறி. ரெஹேமாவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னபோது, இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில், அவள் கொஞ்சமும் அதிசயப்படவில்லை. பிறகு எப்படி மருந்து வேலை செய்யும், பாதிப் பேர் பூசவே இல்லையே என்றாள். எத்தனை பேர் என்று கேட்டாள். ஆளுக்கு எத்தனை கிராம் என்று கணக்குச் சொன்னாள். பெட்டி துறைமுகத்திலிருந்து வந்துவிட்டது, நாள் குறி என்றாள்.

மார்ச் இருபத்தைந்து, சனிக்கிழமை குறிக்கப்பட்டது. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவும் முறை யாருக்கு என்பதில்கூட ஒருபோதும் ஒற்றுமை இருந்ததில்லை. ஆனால் தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அரிப்பு எல்லாருக்கும் வந்திருந்தபடியால் எல்லாரும் சம்மதித்தார்கள். இல்லாத பூச்சிக்கு மருந்தா என்று லோமன் அம்மா ஒரு தரம் கேட்டார். அங்கே இருக்கிறது என்று நேசமலர் சொன்னாள். சரி என்று அவர் மருந்து ரியூபை வாங்கிக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசினார்கள், நகத்துக்கடியிலும் பூசினார்கள். நிலத்துக்குக் கீழே கெல்லரில் இருந்த இரண்டு சலவை இயந்திரங்களும் அறுபது பாகைச் சூட்டில் இரண்டு நாள் ஓடின. ஏழாம் நாள் திரும்பப் பூசினார்கள். ஏப்ரல் முதல் கிழமையில் முப்பது பேருக்கும் அரிப்பு நின்றது. கிசிமாந்தோகோவில் முப்பது பிள்ளைகளின் தோல் ஆறியது. முப்பத்தோராவது, துமாயினி, ஆறவில்லை.

முப்பத்தோராவது ஆள் யார் என்பது இரகசியமில்லை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இரண்டாம் மாடி கணேசலிங்கம் அண்ணை கொப்பியில் சேரவில்லை. தமிழ்ச் சங்கத்தின் தலைவர், கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி வாங்குபவர், யாரும் அவர் பல்லைக் கண்டதில்லை, அவ்வளவு கண்டிப்பு. நேசமலர் கேட்கப் போனபோது கதவைப் பாதி திறந்தபடி நின்றார். சட்டையின் கை மணிக்கட்டு வரை பொத்தானிட்டிருந்தது.

“தங்கச்சி, எங்கட வீட்டிலை அப்பிடியான வருத்தம் ஒருத்தருக்கும் இல்லை.”

“வருத்தம் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. உடம்பு கடிக்குதோ, அரிக்குதோ எண்டுதான் கேக்கிறன்.”

“கடிக்கேல்லை. ரியூபைத் தாருங்கோ, பூசுறம். கட்டடத்தோடை ஒத்துப் போகத்தானே வேணும்.”

ரியூபை வாங்கினார், பட்டியலில் கையெழுத்தும் போட்டார். அவருடைய மனைவியும் மகள் மிதுசாவும் பூசினார்கள். அவர்கள் இருவரும் அவருக்குத் தெரியாமல் நேசமலரிடம் சொல்லி, வேறு பிள்ளைகளின் பக்கங்களில் சேர்ந்திருந்தவர்கள். அவர் தன் ரியூபை மூடி திறக்காமல் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தார். மிதுசாவுக்கு ஹம்பேர்க்கில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரங்கு என்ற சொல் ஒரு வீட்டுப் படியேறினால் சம்பந்தம் படியிறங்கும் என்பது அவருடைய கணக்கு. கதவு நிலையில் அவர் முதுகு உரசும் சத்தம் மேல்வீட்டில் நேசமலருக்குக் கேட்கும். ஆனாலும் அடித்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யாரோ ஒரு குடியிருப்பாளரின் விருந்தாளியாக இருக்கலாம், மருந்து சரியாகப் பூசாத வேறொருவராக இருக்கலாம், கையெழுத்துப் போட்ட பெரிய மனிதரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது. அந்தத் தயக்கத்தில் இரண்டு கிழமை போயிற்று.

அந்த இரண்டு கிழமையில் துமாயினியின் சிரங்கு சீழ்பிடித்தது. பிறகு முகம் வீங்கியது, கண் இரண்டும் கோடு போல ஆயின, சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் போனது. ரெஹேமா பிள்ளையை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி முப்பது கிலோமீட்டர் கொண்டுபோனாள். தோலில் இருந்த கிருமி சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று அங்கே சொன்னார்கள். மருந்தில் வீக்கம் வடிந்தது. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் திரும்பவும் விரல் இடுக்கில் மணல் நெருடியது. இன்னொரு தரம் வந்தால் இந்தப் பிள்ளை தாங்காது என்று ரெஹேமா சொன்னபோது, அவள் குரலில் முதல் தடவையாக நேசமலர் பயத்தைக் கேட்டாள். யார் என்று கண்டுபிடிக்க வழி ரெஹேமாவே சொன்னாள். அரிப்பு அங்கே போகிறதென்றால் கிச்சுக்கிச்சும் போகும். பிள்ளைக்கு உள்ளங்காலில் பொல்லாத கூச்சம். நீ எப்போது என்று சொல், நான் காலைப் பிடிக்கிறேன், அங்கே யார் சிரிக்கிறார் என்று பார்.

ஏப்ரல் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, ஹம்பேர்க்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கணேசலிங்கத்தின் வீட்டு வரவேற்பறையில் இருந்தார்கள்: மாப்பிள்ளை சேயோன், தாய் புஷ்பராணி, தகப்பன், உறவினர் மூவர். நேசமலர் அயலுக்கு உதவியாக வடைத் தட்டத்தோடு நின்றாள். கைபேசி இடுப்பில் அதிர்ந்தது. ‘பிள்ளை மடியில். இப்போதா?’ என்று ரெஹேமா எழுதியிருந்தாள். நேசமலர் மிதுசாவைப் பார்த்தாள். தூக்கி வளர்த்த பிள்ளை. நீலச் சேலையில் கழுத்து வியர்க்க நின்றாள். இந்தச் சம்பந்தம் தன்னால் குழம்பினால் இந்தக் கட்டடத்தில் தான் ஒரு நாளும் தலைநிமிர்ந்து படியேற ஏலாது என்று நேசமலருக்குத் தெரியும். சுட்டுவிரலில் ஒரு சின்னப் பிடி இருந்ததும் தெரியும். அந்த விரலாலேயே ‘இப்போது’ என்று எழுதினாள்.

கணேசலிங்கம் அப்போது தங்கள் குடும்பத்தின் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “எங்கட பரம்பரையிலை ஒரு குறை, ஒரு வருத்தம்…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். இடது கால் தானாக உதறியது. மீசை துடித்தது. அடுத்த கணம் அந்த மனிதர் சிரித்தார். ஐந்து வயதுப் பெண் பிள்ளையின் சிரிப்பு, கீச்சென்று உயர்ந்து விக்கி விக்கி வருகிற சிரிப்பு. சோபாவிலிருந்து வழுகிக் கம்பளத்தில் விழுந்து, காலை மடக்கி, “வேண்டாம், ஐயோ, வேண்டாம்!” என்று புரண்டார். மூன்று மாடி கேட்டது. லோமன் அம்மா கீழே கதவைத் திறந்து, யாரப்பா இவ்வளவு சந்தோசமாக இருப்பது என்று எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் தகப்பன் கையில் வடை அப்படியே நின்றது. பிறகு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ரெஹேமா கையை எடுத்தாள், வீடு அமைதியானது.

நேசமலர் தட்டத்தை வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

“அண்ணை, எங்கையெல்லாம் கடிக்குது?”

அவர் சிரித்த கண்ணீரோடு இருந்தார். அது எந்த இடத்தில் வேறு கண்ணீராக மாறியது என்று யாருக்கும் தெரியாது. “விரல் இடுக்கு. இடுப்பு. கமக்கட்டு. மார்ச் மாசம் தொடக்கம்” என்றார். பத்தொன்பதாம் பக்கத்தின் சிவப்பு வட்டங்கள், ஒன்று விடாமல். பிறகு யாரும் கேளாமலே மீதியையும் சொன்னார். எண்பத்தெட்டில் அசூல் கேட்டு வந்து, அகதிகள் விடுதியில் நாற்பது பேரோடு ஒரு மண்டபத்தில் கிடந்தபோது அவருக்குச் சிரங்கு வந்தது. முற்றத்தில் உடுப்பில்லாமல் வரிசையில் நிறுத்தி, மதில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி வெள்ளை மருந்து பூசினார்கள். உடுப்புகளைப் பையில் கட்டிக் கொளுத்தினார்கள். “அதுக்குள்ளை அம்மா தைச்சுத் தந்த சேட்டு இருந்தது. அதை மட்டும் தாருங்கோ எண்டு கேக்க எனக்குப் பாசை தெரியாது” என்றார். அவர் பத்தொன்பது வயதில் புறப்பட்டவர். தாயைப் பிறகு காணவில்லை. செத்தவீட்டுக்குப் போகவும் பாதை இருக்கவில்லை.

புஷ்பராணி தேநீர்க் கோப்பையை மெல்ல வைத்தாள். எல்லாரும் அவள் எழும்பிப் போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எந்த ஊர் விடுதி?” என்று கேட்டாள். அவர் சொன்னார். “நான் பக்கத்துக் கட்டடத்திலை நிண்டனான். எங்களுக்கும் பூசினவை. முப்பத்தஞ்சு வருசமா நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, இவருக்கும் சொல்லேல்லை” என்று கணவனைக் காட்டினாள். கணவர் கையில் இருந்த வடையைத் தட்டத்தில் வைத்துவிட்டு, எனக்கும்தான் என்றார். சொல்லிவிட்டு அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் தங்கள் சோற்றுக் கோப்பைகளை ஒன்றாகக் கவிழ்த்த நிம்மதி இருந்தது. “சேயோன், சேட்டுக் கையை மடி. மாமாவுக்கு முதுகு எட்டாது” என்றாள் புஷ்பராணி.

அப்படித்தான் அந்தச் சம்பந்தம் நிச்சயமானது. மாப்பிள்ளை மாமனாரின் முதுகில் மருந்து தேய்க்க, மாமனார் சுவர் நாட்காட்டியைப் பார்த்தபடி கலியாணத்துக்கு நாள் சொன்னார். ரெஹேமாவின் சட்டத்தில் விலக்கு இல்லாதபடியால் கட்டடம் முழுவதும் அன்று மாலை திரும்பப் பூசியது. ஹம்பேர்க்காரர் ஆறு பேரும் பூசினார்கள். கிசிமாந்தோகோவில் முப்பத்தொரு வீடும் பூசியது. ஏழாம் நாள் மே ஏழு. ஞாயிற்றுக்கிழமை. நேசமலர் காத்திருந்தாலும் காத்திராவிட்டாலும் பூச்சு நடந்திருக்கும். ஆனாலும் நாள் முழுவதும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மே இருபதில் துமாயினியின் கையின் படம் வந்தது. விரல்களை அகல விரித்துக் காட்டியிருந்தாள். நேசமலர் படத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடி வழுக்கென்று இருந்தது, அவள் வாய்விட்டு அழுதாள்.

அரிப்புப் போனால் தொடர்பும் போய்விடும் என்று வைத்தியர் மட்டும் நினைத்தார். போகவில்லை. பராக்கா மரத்திலிருந்து விழுகிற நாட்களில் நேசமலருக்கு முழங்கால் எரியும். அவள் உடனே அழைத்துப் பேசுவாள், அவன் விழவில்லை என்று பொய் சொல்வான். அந்த ஊரில் முதல் மழை பெய்த அன்று லோமன் அம்மா வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார். கட்டட நிர்வாகத்துக்கு இது பற்றிக் கடிதம் எழுதியபோது, குத்தகை ஒப்பந்தத்தில் இதற்குத் தடையில்லை என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ரெஹேமா ஒரு திகதி அனுப்புவாள், படிக்கட்டு அறிவித்தல் பலகையில் குப்பை எடுக்கும் நாட்களுக்குக் கீழே அது ஒட்டப்படும். புதிதாகக் குடிவருபவர்களுக்கு வாசல் சாவி, கெல்லர் சாவி, கடிதப் பெட்டிச் சாவியோடு ஒரு பிள்ளையின் பெயரும் கொடுக்கப்படுகிறது. போன வருடம் வந்த மாணவன் ஒருவன், தன்னுடைய பிள்ளைக்குப் பல் விழப்போகிறது போலிருக்கிறது, என்ன செய்ய என்று நேசமலரிடம் கேட்டான். ஆடட்டும், தொடாதே என்றாள்.

கணேசலிங்கம் இப்போது அடிக்கடி சிரிக்கிறார். மிதுசாவின் தாலிகட்டின்போது ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அதைவிட ஒன்று உண்டு, அது நேசமலருக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. சங்கத்துக் கடிதம் ஒன்றைக் கொடுக்க ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குப் போனபோது, அவருடைய மனைவி கதவருகே விரலை வாயில் வைத்தாள். “உள்ளுக்கு வாங்கோ, ஆனால் இப்ப கதைக்க ஏலாது. குளிப்பாட்டுகினம்” என்றாள். கணேசலிங்கம் ஜன்னலோரக் கதிரையில் கண்ணை மூடி இருந்தார். தோல் ஆறிய பிள்ளைகளுக்குத் தினமும் குளிக்கவார்த்து எண்ணெய் தடவவேண்டும் என்று ரெஹேமா தாய்மாருக்குச் சொல்லியிருந்தாள். துமாயினியின் தாய் ஒரு நாளும் தவறவிடுவதில்லை. உச்சியிலிருந்து எண்ணெய் இறங்கியது. பிடரி, தோள், முதுகு, ஒரு தாயின் உள்ளங்கை அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் வந்தபோது ஐம்பது கடந்த மனிதர் தலையைச் சரித்துக் கொடுத்தார்.

கோடையில் ஐந்து மணி, குளிர்காலத்துக்கு இங்கே மணிக்கூட்டைத் திருப்பிய பிறகு நாலு மணி; அங்கே திருப்புவதில்லை. அந்தக் கால் மணித்தியாலம் இரண்டாம் மாடியில் யாரும் அழைப்பு மணி அடிப்பதில்லை, தபால்காரருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.